நாற்பது வயதுக்கு மேல் ஓட்டம் பழகுவது: விருப்பம் எப்போது வருகிறது?

பாலக்கோடு வாசி:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது நாற்பத்து மூன்று. நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து கணக்குப் பார்க்கும் வேலை. இரத்த அழுத்தம் எல்லைக்கோட்டைத் தொட்டிருப்பதால் நடையோடு நிறுத்திக்கொள்ளாமல் சிறிது ஓடவும் செய்யலாம் என்று மருத்துவர் பரிசோதித்துவிட்டுச் சொன்னார். அதன்படி விடியற்காலையில் ஓடத் தொடங்கினேன். இரண்டு நிமிடம் தாண்டுவதற்குள் மூச்சு முட்டுகிறது, விலாவில் பிடித்துக்கொள்கிறது. நின்று இளைப்பாறிய பிறகு மறுபடி ஓட மனம் ஒப்புவதில்லை.

எங்கள் பக்கம் ஓடுகிறவர்கள் எல்லோரும் காவலர் தேர்வுக்கோ இராணுவத்துக்கோ தயாராகும் பிள்ளைகள். அவர்களுக்கு ஓட்டத்தில் ஒரு நோக்கம் இருக்கிறது. ஆனால் எந்தத் தேர்வும் இல்லாமல், பரிசும் இல்லாமல், ஓடுவது பிடித்திருப்பதால் மட்டுமே பல ஆண்டுகளாக ஓடுகிற நடுத்தர வயதினரும் இருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அவர்களிடம்தான் கேட்க விரும்புகிறேன். அந்த விருப்பம் உங்களுக்கு எப்போது வந்தது? அல்லது கசப்பு மருந்தைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கவேண்டியதுதானா இது?

தென்பெண்ணைக் கரையோன்:

வணக்கம் ஐயா. நான் காவேரிப்பட்டினத்துக்காரன், பல ஆண்டுகளாக ஓடி வருகிறேன். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தவுடன் தோன்றியது ஒன்றுதான்: தயவுசெய்து வேகத்தைக் குறையுங்கள். இரண்டு நிமிடத்தில் மூச்சு முட்டுவதற்கு உங்கள் வயதும் உடம்பும் காரணமல்ல, பெரும்பாலும் வேகமே காரணம்.

பள்ளிக்கூடத்தில் நமக்கு அறிமுகமான ஓட்டம் விளையாட்டு விழாவின் நூறு மீட்டர் பந்தயம் ஒன்றுதான். அதனால் 'ஓடு' என்றதும் கால்கள் அந்த வேகத்தையே எடுத்துக்கொள்கின்றன. குறிப்பிட்ட ஒரு வேகம் வரைக்கும் தசைகள் கேட்கிற உயிர்வளியை (ஆக்சிஜனை) இதயமும் நுரையீரலும் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதைத் தாண்டினால் தசை உயிர்வளிக்குக் காத்திராமல் வேறு வழியில் ஆற்றலை எடுக்கத் தொடங்கும். குருதியில் அமிலத்தன்மை கூடும். கரியமில வாயுவை வெளியேற்ற உடல் வேகமாக மூச்சு வாங்கும். பழகியவர்களுக்கு அந்த எல்லை உயரத்தில் இருக்கிறது, புதியவர்களுக்குத் தாழ்வாக இருக்கிறது. வேறுபாடு அவ்வளவுதான். எல்லைக்குக் கீழேயே ஓடிக்கொண்டிருந்தால் எல்லை தானாக உயரும்.

எல்லைக்குக் கீழே இருக்கிறோமா என்பதை அறியக் கைக்கடிகாரம் தேவையில்லை. பக்கத்தில் ஒருவர் கூட வருவதாக எண்ணிக்கொண்டு ஒரு முழு வாக்கியத்தைப் பேசிப் பாருங்கள். பேச்சு நடுவில் அறுபட்டால் வேகம் அதிகம். முதலில் இந்த வேகம், விரைந்து நடப்பவர்கள் உங்களைக் கடந்து போகும் அளவுக்குக் குறைவாக இருக்கலாம். அப்படி இருப்பது சரியே.

அடுத்து, நடையை ஓட்டத்தின் பகுதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். 1996 ஆம் ஆண்டு அமெரிக்கரான ஜோஷ் கிளார்க் தொடக்கநிலையினருக்காக 'கௌச் டு ஃபைவ் கே' என்ற ஒன்பது வாரத் திட்டத்தை வகுத்தார். வாரத்துக்கு மூன்று நாட்கள். முதல் வாரத்தில் ஐந்து நிமிடம் விரைந்து நடந்தபின், 60 விநாடி மெல்லோட்டம், 90 விநாடி நடை என்று மாறி மாறி இருபது நிமிடம் செய்யவேண்டும். வாரம் செல்லச் செல்ல நடையின் பங்கு குறைந்து, முடிவில் அரை மணி நேரம் நிற்காமல் ஓடும் நிலை வருகிறது. ஒன்பது வாரம் என்பது ஒரு கணக்குக்குத்தான். நம்மைப் போன்றவர்கள் ஒவ்வொரு வாரத்தையும் இரண்டு முறை செய்தாலும் குறைவில்லை. விருப்பம் எப்போது வரும் என்ற கேள்விக்கு என் விடை, மூச்சு முட்டாமல் ஓடும் நாளில்தான் அது வரத் தொடங்கும் என்பதே. மூச்சு முட்டிக்கொண்டிருக்கும்போது யாருக்கும் எதிலும் விருப்பம் வராது.

மத்தூர் இளைஞன்:

ஐயா சொல்வதை மரியாதையோடு மறுக்கிறேன். நான் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகி வருகிறேன். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்கவேண்டும். பேசிக்கொண்டே ஓடினால் இந்த நேரத்துக்குள் எப்படி முடிப்பது? எங்கள் பயிற்சியில் ஒவ்வொரு நாளும் முழு வேகத்தில் ஓடி, தரையில் விழும் அளவுக்குக் களைத்தால்தான் அன்றைய பயிற்சி முடிந்ததாகக் கருதுகிறோம். மெதுவாக ஓடிப் பழகியவர் மெதுவாகத்தானே ஓடுவார்?

தென்பெண்ணைக் கரையோன்:

தம்பி, உங்கள் கேள்வி நியாயமானது, ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

7 நிமிடத்தில் 1500 மீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 விநாடி. 400 மீட்டர் சுற்று ஒவ்வொன்றையும் 112 விநாடியில் முடிக்கவேண்டும். ஏழு நிமிட நேரம் நீடிக்கும் முயற்சியில் உடலுக்குத் தேவையான ஆற்றலின் பெரும்பகுதி உயிர்வளியின் துணையோடுதான் கிடைக்கிறது. அந்தத் திறனை வளர்ப்பது நீண்ட நேர மெல்லோட்டம். இதைச் செய்து காட்டியவர் நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டு. 800 மீட்டர் வீரரான பீட்டர் ஸ்னெல்லையும் அவர் வாரத்துக்கு 160 கிலோமீட்டர் அளவுக்கு நெடுந்தொலைவு ஓடவைத்து அடித்தளம் அமைத்தார், வேகப் பயிற்சியை அதன் பிறகே சேர்த்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் 800 மீட்டரிலும், அவரிடம் பயின்ற மர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். உடலைப் பயிற்றவேண்டுமே தவிர வருத்தக்கூடாது என்பது லிடியார்டின் கொள்கை. பின்னர் அவர் ஆக்லாந்தில் நடுத்தர வயதினரையும் இதய நோயாளிகளையும் கூட்டிவைத்து மெல்லோட்டம் ஓடச் செய்தார். உலகெங்கும் சாதாரண மக்கள் ஓடத் தொடங்கியதற்கு அது ஒரு பெரிய தூண்டுதல்.

நீங்கள் வேகமாக ஓடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு நாள் 400 மீட்டர் சுற்றுகளை இடைவெளி விட்டு வேகமாக ஓடுங்கள். மற்ற நாட்களில் பேசும் வேகத்தில் ஓடுங்கள். நாள்தோறும் தரையில் விழும் அளவுக்கு ஓடுவதால் தேர்வுக்கு முன்பே கால் காயம் பட்டு விலகிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் வேலை கிடைத்ததும் ஓட்டத்தை அறவே விட்டுவிடுவதைப் பார்க்கும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. உடம்பு அந்த அளவுக்குத் தயாரான பிறகு அதைக் கைவிடுவது பெரிய இழப்பு.

ஊத்தங்கரை செவிலி:

பாலக்கோடு ஐயாவுக்கும் இதைப் படிக்கும் பெண்களுக்கும் சில சொல்ல வேண்டும். மூச்சு வாங்குவதற்கு வேகம் முதல் காரணம் என்பதை ஏற்கிறேன், ஆனால் பெண்கள் இரத்தசோகையையும் எண்ணிப் பார்க்கவேண்டும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருக்கிறது. உயிர்வளியைச் சுமப்பது ஹீமோகுளோபின். அது ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழே இருக்கும்போது எவ்வளவு மெதுவாக ஓடினாலும் சோர்வு வரும், 'எனக்கு ஓட்டம் ஒத்துவராது' என்று தவறாக முடிவு செய்துவிடுவோம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பரிசோதித்துக்கொள்ளலாம். இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்கள் அதை டீயோடு சேர்க்காமல், எலுமிச்சைச் சாறு போன்றவற்றோடு எடுத்தால் உடலில் நன்றாகச் சேரும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு ஓடும்போது சர்க்கரை திடீரெனத் தாழக்கூடும். சட்டைப் பையில் குளுக்கோஸோ மிட்டாயோ இருக்கவேண்டும். ஓடி முடித்ததும் பாதங்களைப் பார்க்கவேண்டும், ஏனெனில் உணர்ச்சி குறைந்த பாதத்தில் கொப்புளம் வந்தாலும் தெரியாது. நெஞ்சில் இறுக்கமோ, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலியோ, தலைசுற்றலோ வந்தால் உடனே நின்று மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

நாய்களைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், இதற்கு அஞ்சியே பல பெண்கள் வெளியே வருவதில்லை. நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடக்கவேண்டும், அதன் கண்ணை உற்றுப் பார்க்கக்கூடாது. கடித்துவிட்டால் காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனையில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ளவேண்டும். கீறல்தானே என்று விட்டுவிடக் கூடாது.

நான் சுடிதாரோடுதான் ஓடுகிறேன், துப்பட்டாவை மட்டும் வீட்டில் வைத்துவிடுவேன். தொடக்கத்தில் தெருவில் பார்த்தவர்கள் இப்போது பார்ப்பதில்லை. எங்கள் தெருவில் நடைக்கு வருகிற அக்காக்கள் இருவர் நடுநடுவே என்னோடு ஓடத் தொடங்கியிருக்கிறார்கள்.

அரூர் அன்பன்:

ஓடினால் முழங்கால் தேய்ந்துவிடும் என்று வீட்டில் எல்லோரும் தடுக்கிறார்கள். எனக்கு ஏற்கெனவே காலையில் முதுகும் மூட்டுகளும் சற்று இறுகியிருக்கின்றன. நான் தொடங்கலாமா?

இயன்முறை மருத்துவர், தருமபுரி:

அரூர் நண்பருக்கு: முழங்கால் பற்றிய அச்சம் மிகப் பரவலானது. பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து 2017 ஆம் ஆண்டு வெளியான ஒரு தொகுப்பாய்வு, இடுப்பு மற்றும் முழங்கால் மூட்டுத் தேய்மானத்தை மூன்று பிரிவினரிடையே ஒப்பிட்டது. பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 விழுக்காட்டினருக்கும், ஓடாமல் இருப்பவர்களில் 10.2 விழுக்காட்டினருக்கும், போட்டிக்காகக் கடுமையாக ஓடுபவர்களில் 13.3 விழுக்காட்டினருக்கும் தேய்மானம் காணப்பட்டது. ஓட்டம்தான் பாதுகாத்தது என்று இதை வைத்து உறுதியாகச் சொல்லிவிட முடியாது, ஏனெனில் மூட்டு நல்ல நிலையில் இருப்பவர்களே ஓடுகிறார்கள் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அளவான ஓட்டம் முழங்காலைத் தேய்க்கிறது என்ற பேச்சுக்கு இதில் ஆதரவு இல்லை. மூட்டுக் குருத்தெலும்புக்கு நேரடி இரத்த ஓட்டம் கிடையாது. அழுத்தமும் தளர்வும் மாறி மாறி வரும்போதுதான் அது மூட்டுத் திரவத்திலிருந்து ஊட்டம் பெறுகிறது.

ஆயினும் உங்கள் மூட்டு இறுக்கத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவேண்டாம். தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு உள்ள நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களுக்கு முதுகும் மூட்டும் இறுகும் எலும்புப் பாதிப்பு வரக்கூடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இதற்காகத்தான் வந்தது. நீங்கள் நெடுங்காலம் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்தவராக இருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லிப் பரிசோதித்துக்கொண்டு, அதன்பின் ஓடத் தொடங்குங்கள். ஓடுபவர்களும் பாட்டிலில் ஒகேனக்கல் நீரையே நிரப்பிக்கொள்வது நல்லது.

மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சில வாரங்களிலேயே இதயமும் நுரையீரலும் பழகிவிடும், மூச்சு சீராகும், இன்னும் ஓடலாம் என்று தோன்றும். ஆனால் எலும்பும் தசைநாண்களும் வலுப்பெறப் பல மாதங்கள் ஆகும். என்னிடம் வரும் புதிய ஓட்டக்காரர்களில் பெரும்பாலோர் இந்த இடைவெளியில்தான் காயப்படுகிறார்கள். முன்கால் எலும்பின் உட்புறத்தில் நெடுக வலித்தால் ஓட்டத்தைக் குறைத்து நடைக்கு மாறுங்கள். ஒரே புள்ளியில் அழுத்தினால் குத்தும் வலி இருந்தால் எலும்பில் நுண்முறிவு இருக்கக்கூடும், ஓடவே கூடாது. காலடியை நீட்டி வைக்காமல் குறுகலாக, உடலுக்கு நேர் கீழே பாதம் படும்படி வைத்தால் முழங்காலில் விழும் சுமை குறையும்.

ஓசூர் ஷிப்டுக்காரன்:

காலணிக்கு எவ்வளவு செலவிடவேண்டும்? வெறுங்காலில் ஓடுவதே இயற்கை என்று ஒருவர் சொன்னார். இன்னொன்று, எனக்கு வாரம் ஒரு ஷிப்ட் மாறுகிறது. இரவுப் பணி வாரத்தில் எப்போது ஓடுவது?

தென்பெண்ணைக் கரையோன்:

எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960 இல் ரோம் மாரத்தானை வெறுங்காலில் ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் தங்கம் வென்றது உண்மை. ஆனால் அவர் வெறுங்காலில் ஓடிப் பழகியவர். நம் ஏரிக்கரைகளில் சீமைக்கருவேல முள் எங்கும் கிடக்கிறது, ஆகவே காலணி தேவை. விலை உயர்ந்ததாக இருக்கவேண்டிய அவசியமில்லை. ஓடுவதற்கென்று செய்யப்பட்டதாக, பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் உள்ளதாக இருக்கட்டும். ஓடும்போது பாதம் சற்று வீங்கும் என்பதால் மாலையில் கடைக்குச் சென்று, போட்டு நடந்து பார்த்து வாங்குங்கள்.

இரவுப் பணி முடிந்து வந்தவுடன் ஓடவேண்டாம். தூங்கி எழுந்து மாலையில் ஓடலாம். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் உங்களுக்கு மாலையும் இதமாகவே இருக்கும். அந்த வாய்ப்பு தருமபுரிக்காரர்களுக்குக் கிடையாது.

பாலக்கோடு வாசி:

சில மாதங்கள் கழித்து எழுதுகிறேன், பொறுத்தருளவும். சொல்லித் தந்தபடியே பேசும் வேகத்தில், நடையும் ஓட்டமுமாகத் தொடர்ந்தேன். விடியற்காலையில் தக்காளி ஏற்றிய வண்டிகள் நெடுஞ்சாலையை நிறைத்துவிடுவதால் வயல்களுக்கு நடுவே செல்லும் மண் பாதைக்கு மாறினேன். இப்போது அரை மணி நேரம் நிற்காமல் ஓட முடிகிறது. ஆனால் நான் எழுத வந்தது அதைப் பற்றியல்ல.

முன்பெல்லாம் எப்போது முடியும் என்றே நினைத்துக்கொண்டு ஓடுவேன். மூச்சு சீரான பிறகு கவனம் உடம்பை விட்டு வெளியே போகிறது. கேழ்வரகுக் கொல்லையில் கதிர் பிடித்திருப்பதையும், மார்கழிப் பனியில் வேப்பமர உச்சி மட்டும் தெரிவதையும், இரயில் கடக்கும் நேரத்தையும் கவனிக்கிறேன். இருபது நிமிடம் கடந்ததும் மனத்தில் ஒரு தெளிவு வருகிறது; அலுவலகத்தில் தீராமல் இருந்த சிக்கல்கூட அப்போது எளிதாகத் தோன்றுகிறது. ஓடாத நாளில் ஏதோ விட்டுப்போனதுபோல் இருக்கிறது. இது உடம்பில் நடக்கும் மாற்றமா, என் மனம் எனக்குச் சொல்லிக்கொள்வதா என்று அறிய ஆவல்.

இயன்முறை மருத்துவர், தருமபுரி:

மிக்க மகிழ்ச்சி ஐயா. உடம்பில் நடக்கும் மாற்றம்தான். வலியைத் தணிக்க உடலே உண்டாக்கும் எண்டார்பின் என்ற பொருள் சுரப்பதே இந்த இன்பத்துக்குக் காரணம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. ஆனால் குருதியில் கலக்கும் எண்டார்பின், மூளையைச் சுற்றியுள்ள தடுப்பைத் தாண்டி உள்ளே செல்வது அரிது. இன்று ஆய்வாளர்கள் சுட்டுவது உடலே உற்பத்தி செய்யும் அனந்தமைடு என்ற பொருளை. 'ஆனந்தம்' என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து அதற்குப் பெயரிட்டார்கள். இது மூளைக்குள் எளிதாகச் செல்லக்கூடியது. 2021 இல் ஜெர்மனியில் நடந்த ஆய்வொன்றில், எண்டார்பின் செயல்படும் வாயில்களை மருந்தால் அடைத்த பிறகும் ஓடியவர்களுக்கு அதே மகிழ்ச்சி வந்தது.

இந்த உரையாடலுக்கு மிகவும் பொருந்துவது இன்னொரு செய்தி. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ரைக்லன் குழுவினர் வெவ்வேறு வேகங்களில் பார்த்தபோது, மெதுவான நடையிலும் கடும் வேகத்திலும் அனந்தமைடு குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. நடுத்தர உழைப்பில்தான் கூடியது.

மத்தூர் இளைஞன்:

நானும் கரையோன் ஐயா சொன்னபடி வேகப் பயிற்சியை வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைத்தேன். முன்கால் வலி போய்விட்டது, 1500 மீட்டர் நேரமும் குறைந்திருக்கிறது. மெல்லோட்ட நாட்களில் என் அப்பாவும் கூட வருகிறார். அவரோடு இவ்வளவு நேரம் பேசியதே இல்லை.

பாலக்கோடு வாசி:

மிக்க மகிழ்ச்சி தம்பி. எனக்கு ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. பங்குனி, சித்திரையில் என்ன செய்வது? இப்போதே ஏழு மணிக்கு வெயில் உறைக்கிறது.

ஊத்தங்கரை செவிலி:

வெயிலுக்கு உடல் பழக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும் ஐயா. அதுவரை நேரத்தையும் வேகத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் கடற்கரை ஊர்களைப் போல் காற்றில் ஈரம் இல்லாததால் வியர்வை உடனே காய்ந்துவிடுகிறது, எவ்வளவு நீர் இழந்தோம் என்பதே தெரிவதில்லை. சட்டையில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் உப்பிட்ட நீர்மோர் குடியுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்குத் தண்ணீரும் மோருமே போதும், கடையில் விற்கும் பானங்கள் தேவையில்லை. ஓடி முடித்தபின் கேழ்வரகுக் களியும் வேர்க்கடலையும் நல்ல உணவு. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. வெயிலில் ஓடும்போது வாந்தி, குழப்பம், தள்ளாட்டம் வந்தால் நிழலில் படுக்கவைத்து உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி, 108 ஐ அழைக்கவேண்டும்.

தென்பெண்ணைக் கரையோன்:

சித்திரை முடியும்வரை ஐந்தரை மணிக்கெல்லாம் ஓட்டத்தை முடித்துவிடும்படி தொடங்குங்கள் ஐயா. இருட்டாக இருக்கும் என்பதால் வெளிர்நிறச் சட்டை அணிந்து, கையில் விளக்கோடு, வண்டிகள் எதிரே வரும் வலப்புறமாகவே ஓடவேண்டும். நான்குவழிச் சாலையின் சர்வீஸ் ரோட்டை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அந்த நேரத்தில் லாரிக்காரர்கள் தூக்கக் கலக்கத்தில் வருவார்கள். தருமபுரிப் பக்கம் வரும் நாட்களில் மாவட்ட விளையாட்டரங்கமே பாதுகாப்பானது. கிருஷ்ணகிரி வந்தால் அவதானப்பட்டி ஏரிப் பக்கம் வாருங்கள், ஞாயிறுகளில் நானும் அங்கேதான் ஓடுகிறேன். மத்தூர் தம்பியும் அப்பாவை அழைத்து வரட்டும், நான்கு பேரும் பேசிக்கொண்டே ஓடலாம்.